வாளையார் காத்துக்கு ஸ்ப்ளெண்டரா, கிளாசிக்கா?

ஆடி மாசம் கோவையிலிருந்து பாலக்காடு போறவங்களுக்குத் தெரியும், வாளையார்ல கணவாய்க் காத்து நெஞ்சுல கைவச்சுத் தள்ளும். என் ஸ்ப்ளெண்டர் பைக் சுமார் 112 கிலோ. மச்சானோட ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 195 கிலோ.

லாரியை முந்தி அதோட மறைவை விட்டு வெளிய வந்ததும் காத்து பக்கவாட்டுல அறையும். ஸ்ப்ளெண்டர் சட்டுனு ஒதுங்கும். கிளாசிக் லேசா தலையாட்டும், அவ்வளவுதான். எடை மட்டுமில்ல, ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இடைவெளியும் அதுல அரை அடி அதிகம்.

வேகம் 60லருந்து 90 ஆனா காத்தோட எதிர்ப்பு ரெண்டேகால் மடங்காகும். நான் 60லயே நிறுத்திக்குவேன். மைலேஜுக்கும் நல்லது!

ஆனா மச்சான் பின்னாடி பெட்டி மாட்டி நேந்திரங்காய் சிப்ஸா அடைச்சுட்டு வந்த அன்னிக்கு, முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் உதற ஆரம்பிச்சது. அன்னிக்கு என் வண்டிதான் மேல்.