பாதிக் கட்டணமா, கலந்தாய்வா, என்ஐடியா: ஒரு 191.5 கட்-ஆஃபின் கணக்கு

கணிதம் 98, இயற்பியல் 95, வேதியியல் 92. 2024 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள், எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருப்பவர் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் கணித ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் மே, ஜூன் இரண்டு மாதமும் என் திண்ணைக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

அவர் கையில் மூன்று தாள்கள். மதிப்பெண் பட்டியலின் நகல் ஒன்று. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களான என்ஐடிகளுக்கு நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் முடிவு ஒன்று, அதில் 91.4 பெர்சென்டைல். மூன்றாவது வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சடித்த கடிதம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று அவர் மகளுக்கு ‘50 சதவீதத் தகுதி உதவித்தொகை’ வழங்க முன்வந்திருந்தது. பத்து நாளில் முன்பணம் கட்ட வேண்டும்.

“சார், பாதிக்குப் பாதி குறைக்கிறார்கள். விடலாமா?” என்றார்.

“அண்ணாச்சி, எதில் பாதி என்று முதலில் பார்ப்போம்” என்றேன்.

அதற்கு முன்னால், அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிய வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதம் முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக, ஆக மொத்தம் 200. அவளுக்கு 98, 47.5, 46. கூட்டினால் 191.5. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். மறுமதிப்பீட்டில் கணிதத்தில் ஒரு மதிப்பெண் ஏறினால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று ஏறும். வேதியியலில் ஏறினால் அரைதான். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பலரும் இதை யோசிப்பதில்லை.

இந்த 191.5 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் எல்லாருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும்; அரை மதிப்பெண் இடைவெளியில் நூற்றுக்கணக்கான பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காத 2021இல் பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 என்று கலந்து மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலை இன்றைக்கும் சிலர் செல்பேசியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதை அழித்துவிடுவது நல்லது. ஒப்பிட வேண்டியது ரேங்க்கை. அதிலும் பொது ரேங்க்கோடு தன் சமுதாயப் பிரிவின் ரேங்க்கையும் பார்க்க வேண்டும். 69 சதவீத இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு (பிசி) 26.5 சதவீதம். மீதியுள்ள 31 சதவீதப் பொதுப்பிரிவில் எல்லாரும் போட்டியிடலாம். பிசி மாணவியான இவளுக்கு இரண்டு வரிசையிலும் இடமுண்டு.

என்ஐடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்த ஆண்டு ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். 91.4 பெர்சென்டைல் என்றால் அவளுக்கு முன்னால் 8.6 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 1.2 லட்சம் பேர். திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குத்தான். மத்திய அரசுப் பட்டியலின் பிற்படுத்தப்பட்டோரான ஓபிசிக்கு 27 சதவீதமும் பெண்களுக்குத் தனி இடங்களும் உண்டு. இத்தனை இருந்தும் இந்த ரேங்க்குக்குத் திருச்சி எட்டாது. காரைக்காலில் உள்ள என்ஐடி பக்கம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த என்ஐடிக்குச் சொந்த மாநிலம் புதுச்சேரி. நம் பிள்ளைகள் அங்கே வெளிமாநிலத்தவர்தாம். வடகிழக்கு மாநிலங்களின் என்ஐடிகளில் சில பிரிவுகள் கிடைக்கக்கூடும். கன்னியாகுமரியில் அசாம் போகும் திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்று நாளுக்கு மேல் பயணம் என்றேன். அவள் அம்மா அதைக் கேட்டதும் ஜேஇஇ தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

எட்டும் தூரத்தில் இருப்பவர்கள் என்ஐடியை விடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1,25,000. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் முழு விலக்கு. ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. இந்தத் தையல்காரர் போன்றவர் கட்ட வேண்டியது சுமார் 41,700தான். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணமே இல்லை. ஆனால் ஓபிசி இடத்துக்கு நம் தாலுகா அலுவலகம் தந்த சாதிச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு தேதியிட்ட சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, கைக்கு வந்த இடம் போய்விடும்.

இன்னொரு மயக்கம். அந்த ஆண்டு ஓபிசிக்கு 79.67 பெர்சென்டைல் இருந்தாலே ஐஐடிக்கான அடுத்த தேர்வு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதத் தகுதி. ‘உங்கள் மகள் ஐஐடிக்குத் தகுதி பெற்றுவிட்டாள்’ என்று ஒரு பயிற்சி மையத்திலிருந்து தொலைபேசி வந்ததாம். அது அடுத்த தேர்வை எழுத அனுமதி, அவ்வளவுதான்.

இனி அந்த வண்ணக் கடிதம்.

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தார். யாரோ ஒருவரின் தோள் 14, கை 9 என்ற அளவுகளுக்குக் கீழே காலியிடம் இருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஆண்டுக் கல்விக் கட்டணம் 3,80,000. பாதி போனால் 1,90,000. விடுதியும் சாப்பாடும் 1,40,000. அதற்குச் சலுகை கிடையாது. ஆக ஆண்டுக்கு 3,30,000, நான்கு ஆண்டுக்கு 13,20,000. கடிதத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு நிபந்தனை: ஒவ்வோர் ஆண்டும் சராசரி எட்டுப் புள்ளிக்குக் குறையக்கூடாது, குறைந்தால் சலுகை நின்றுவிடும். அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மகள்தான் படித்தாள். தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு முதல் பருவத்திலேயே ஆங்கிலத்தில் எல்லாம் எழுதப்போகிறவள். எட்டுக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று அவளுக்கே புரிந்துவிட்டது.

இதை உதவித்தொகை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விலையை ஏற்றி எழுதி ஆடியில் தள்ளுபடி தருவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. உண்மையான தகுதி உதவித்தொகைக்கு அடையாளம் ஒன்றுண்டு: அதைப் பெறுகிறவர்கள் மிகச் சிலராக இருப்பார்கள், விதியும் வெளிப்படையாக இருக்கும். வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் மாநில, மத்திய வாரியத் தேர்வுகளில் முதலிடம் பெற்றவர்களுக்கு முழுக் கல்விக் கட்டண விலக்கு. அவர்களுடைய நுழைவுத் தேர்வில் முதல் பத்து ரேங்க்குக்கு 75 சதவீதம், ஐம்பது வரை 50, நூறு வரை 25 என்று வகுத்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு மாணவன், ஒரு மாணவி என்று கிராமப்புற அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெற்றவர்களை இலவசமாகப் படிக்கவைக்கும் ஸ்டார்ஸ் திட்டமும் அங்கே உண்டு. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் முதல் நூறு! அதுதான் தகுதிக்குத் தரும் பணம். விண்ணப்பித்த எல்லாருக்கும் கடிதம் வந்தால் அது வேறு கணக்கு.

கலந்தாய்வுப் பக்கம் என்ன கிடைக்கிறது? 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி, தர அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 55,000. எந்தச் சலுகையும் இல்லாமலே நான்கு ஆண்டுக்கு 2,20,000. கடிதக்காரர்களின் ‘பாதி’ 7,60,000. அரசுக் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத் துறைகளும் இன்னும் மலிவு.

இந்தக் குடும்பத்தில் பட்டம் பெற்றவர் யாரும் இல்லை. ஆகவே முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையும் சேரும். ஆனால் அது அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வாங்கிய இடத்துக்கு மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலோ கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்தச் சலுகை. அவசரப்பட்டு வெளியே போகிறவர்கள் அதைத் தாங்களாகவே உதறிவிட்டுப் போகிறார்கள். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை இன்னொன்று. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்கும் மாணவிகளில் தேர்வாகிறவர்களுக்கு ஆண்டுக்கு 50,000.

ஒன்றுதான் மனதை உறுத்தியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதே தெரு, அதே வறுமை, ஆனாலும் கிடையாது. கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் அந்தக் கல்வியாண்டில் நீட்டிக்கப்பட்டதில் கொஞ்சம் ஆறுதல்.

சரி, 191.5க்கு எது கிடைக்கும்? முந்தைய இரண்டு ஆண்டு பட்டியல்களில் பிசி ரேங்க் எங்கே முடிந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கைக்கு எட்டாது. அங்கேயே ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் போன்ற பிரிவுகள் விளிம்பில் நின்றன. மதுரை தியாகராசர் கல்லூரியில் மின்னியல், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டும் கைக்குள் இருப்பதாகத் தெரிந்தன. பெரிய பெயரா, விரும்பிய பிரிவா என்று கேட்டால் நான் பிரிவின் பக்கம். நான்கு ஆண்டு பாடத்தைப் படிக்கப்போகிறவள் அவள். கல்லூரியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படப்போவது சித்தப்பாவும் மாமாவும்தான். இதை அவள் சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கிண்டி என்றால் கிண்டிதான் என்று இரண்டு நாள் வாதாடினார்.

உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு நுணுக்கம். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். பட்டியலில் சுயநிதிக்கு எஸ்எஸ் என்று மட்டும் போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் வரிசையில் மேலே வைத்துவிட்டால் கட்டணம் கூடிவிடும்.

விருப்பப் பட்டியலை எப்படி அடுக்குவது என்பதில்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது. ‘கிடைக்காததை எதற்குப் போட வேண்டும்?’ என்று தந்தை கேட்டார். கணினி அவள் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். முதல் வரியில் எட்டாத இடத்தை வைத்ததற்காக ஐந்தாம் வரியில் உள்ளது பறிபோகாது. ஆசைப்படி அடுக்க வேண்டும், வாய்ப்புப்படி அடுக்கக்கூடாது. ஆனால் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும், கடைசி வரிகளில் உறுதியாகக் கிடைக்கும் இடங்கள் இருக்க வேண்டும்.

கடிதத்துக்கான கெடு முடிந்துபோயிற்று. பொதுக் கலந்தாய்வு ஜூலை இறுதியில்தான் தொடங்கியது. இடைப்பட்ட இரண்டு மாதமும் தந்தைக்குத் தூக்கமில்லை. அந்தப் பதற்றத்தை நம்பித்தான் பத்து நாள் கெடு வைக்கிறார்கள். முன்பணம் கட்டியே தீர வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) போட்ட விதிப்படி, 2024 செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பத் தர வேண்டியிருந்தது.

அவள் பட்டியலில் முதல் வரி கிண்டி கணினி அறிவியல். ஒதுக்கீடு வந்தது பதினேழாம் வரியில்: திருநெல்வேலி, கணினி அறிவியல். ஆணை வந்த அன்று மாலை தையல்கடைக்குப் போனேன். அவர் அளவு நோட்டைத் திறந்து, பழைய 13,20,000ஐச் சாக்கட்டியால் அடித்துவிட்டு, பக்கத்தில் பஸ் பாஸுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.