பைக்கில் ஓடுவதா, கடைக்குள் நிற்பதா?

2020 மார்ச் ஊரடங்கோடு, சாமானை வீட்டுக்கே வரவழைக்கும் பழக்கம் கொழும்பில் பரவியது. அதனால் வந்த வேலை என்றால், பிக்மீ, ஊபர் ஈட்ஸ் பெட்டியோடு ஓடும் பெடியன்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார்கள். அதே ஓடரை சுப்பர்மார்க்கெட்டுக்குள் பார்த்து எடுத்துக் கட்டுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலை தேடும் தம்பி தங்கைகள் அதையும் யோசிக்க வேண்டும்.

பைக் வேலையில் சேர்வது சுலபம். லைசன்ஸ், பைக், ஸ்மார்ட்போன் இருந்தால் ஓடலாம். நேரமும் உங்கள் கையில். வீட்டில் காசுக்கு அவசரம் என்றால் நல்ல வழிதான். ஆனால் பெட்ரோல், டயர், சர்வீஸ், லீசிங், டேட்டா எல்லாம் உங்கள் செலவு. ஓடர் வராத நேரத்துக்குச் சம்பளம் இல்லை. சாப்பாட்டுப் பார்சல் போலவும் இல்லை இது: அரிசி மூட்டையும் தண்ணீர்ப் போத்தல்களும் ஒன்றாக வரும். வெள்ளவத்தை அடுக்குமாடியில் லிப்ட் பழுதென்றால் சுமந்துதான் ஏற வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில், பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரம் 4 லீட்டர்தான் பெட்ரோல். அதை வைத்துக்கொண்டு எத்தனை ஓடர் ஓடுவது? விழுந்து கை முறிந்தாலும் அன்றோடு வருமானம் நின்றுவிடும்.

கடை வேலையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், ஞாயிறும் போக வேண்டி வரும். என்றாலும் நான் இதைத்தான் சொல்வேன். காரணம் ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. 2026 ஜனவரி முதல் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்கே ஈபிஎஃப் 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் என மாதம் 4,500 ரூபாவை முதலாளி உங்கள் பெயரில் கட்ட வேண்டும். உங்களிடம் கழிக்கும் 8 வீதம், அதாவது 2,400 ரூபாவும், உங்கள் கணக்கிலேயே சேரும். சட்டப்படி வழமையான வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வேலை செய்தால் அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம்.

பைக் ஓட்ட வீட்டில் விடாத பெண்பிள்ளைகளுக்கும் இது திறந்திருக்கும் வேலை. "முருங்கைக்காய் முடிஞ்சுது அன்ரி, வேற என்ன போடட்டும்?" என்று ஓடர் போட்டவரிடம் போனில் தமிழில் கேட்டு, அடுத்த அழைப்பில் சிங்களத்தில் பேசக்கூடியவருக்கு அங்கே மதிப்பு அதிகம்.

கடைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேன்பவர் ஏஜென்சி மூலம் எடுத்தால் மட்டும் கவனம். ஈபிஎஃப் கட்டப்போவது ஏஜென்சியா கடையா என்பதை நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.