“எல்லாம் சேர்த்து 3,999” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் முந்தாநாள் ஒரு படம் வந்தது. ராட்டினம், நீர்ச்சறுக்கு, சிரிக்கும் குழந்தைகள். கீழே “பெங்களூர் தீம் பார்க் 2 நாள், எல்லாம் சேர்த்து” என்று ஒரு விலை. விலை மட்டும்தான் மாறியிருக்கிறது. படமும் போன் நம்பரும் 2024 மே மாதம் எனக்கு வந்த அதேதான். இரண்டு வீட்டில் அட்வான்ஸ் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று அதை நம்பிப் போய் ஏமாந்தவள் நான், அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். ஏஜென்சி பெயரை இங்கே போடவில்லை. நேரில் கேட்டால் ரசீதையே காட்டுகிறேன்.

மாதம் 1,500 வீதம் 20 மாதச் சீட்டு போட்டிருந்தேன். அவசரத்துக்குக்கூட ஏலத்தில் எடுக்காமல் கடைசிவரை வைத்திருந்ததால் முழுசாக 30,000 வந்தது. பிள்ளைகளுக்குத் துணிமணி எடுத்தது போக 28,000. நான், வீட்டுக்காரர், எட்டாவது போகும் மகன், ஏழு வயது மகள், அத்தை, நாத்தனார் மகள் என ஆறு பேர். பெங்களூர் பக்கத்தில் பிடதியில் இருக்கும் வொண்டர்லா தீம் பார்க்குக்குப் போக வேண்டும் என்பது மகனின் மூன்று வருட ஆசை. அவன் வகுப்பில் போய் வந்த பையன்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒற்றை அறை ஆபீஸ். சுவர் முழுக்க கோயில் யாத்திரை போட்டோக்கள். உள்ளே இருந்தவர் வாய் நிறைய “அக்கா, அக்கா” என்றார். “ஆளுக்கு 3,999தான்க்கா. ஏசி வேன், மூணு வேளை சாப்பாடு, பார்க் டிக்கெட், ரிசார்ட்ல ஒரு ராத்திரி, மறுநாள் பன்னேர்கட்டா சஃபாரி. நீங்க பர்ஸத் தொறக்கவே வேணாம்.” மகளுக்கு ஏழு வயசுதானே என்று கேட்டேன். “அஞ்சு வயசுக்கு மேல அடல்ட்தான்க்கா, பார்க் ரூல்” என்றார். ஆறு பேருக்கு 23,994. கையில் நாலாயிரம் மிஞ்சும். கணக்கு இவ்வளவு கச்சிதமாக அமைந்ததே என்று சந்தோஷப்பட்டேன். 12,000 அட்வான்ஸை ஜிபேயில் போட்டபோது திரையில் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. “தம்பி அக்கவுண்ட்க்கா” என்றார். கையால் எழுதிய துண்டு ரசீது கொடுத்தார். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. இரண்டையும் கவனித்தேன். கவனித்தும் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தேன். மீதிப் பணத்தை வேன் ஏறும் முன்பே வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 2, ஞாயிறு இரவு கிளம்பினோம். 17 பேர் வேனில் 21 பேர். நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு நான்கு பேரை உட்கார வைத்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். தொப்பூர் கணவாய் ஏறும்போது ஏசி நின்றது, அப்புறம் வரவேயில்லை. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி செக்போஸ்ட் பக்கம் வண்டியை நிறுத்தி, “பார்டர் டேக்ஸ், டோல், ஆளுக்கு 250” என்று கூட வந்த ஆள் கை நீட்டினார். எல்லாம் சேர்த்துத்தானே என்றால், “அது டூருக்கு மேடம், இது கவர்மென்டுக்கு” என்றார். தூக்கக் கலக்கத்தில் எல்லாரும் கொடுத்தார்கள். எங்களுக்கு 1,500. ரசீது கேட்டதற்குப் பதிலே இல்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று பெங்களூரில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டியிருந்தது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு பெய்தது 133 வருடத்தில் அதுதான் முதல் முறை. ஊரெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. தாமதத்தில் ஒரு மணி நேரம் மழையால் ஆனது, அதை ஏஜென்சி கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் 21 பேர் குளித்துக் கிளம்ப இரண்டே அறை போட்டதும், மெயின் ரோட்டை விட்டு விலகி அவர்களுக்குக் கமிஷன் தரும் ஹோட்டலில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்ததும் மழை செய்த வேலை இல்லை. பார்க் வாசலுக்குப் போனபோது மணி 12.40.

அங்கேதான் பெரிய அடி. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்த ஆள், “சீசன் ரேட் ஏத்திட்டாங்க மேடம், ஆளுக்கு 350 ஆகுது” என்றார். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தமும் பிள்ளைகள் கத்தும் சத்தமும் கேட்கிறது. மகள் என் கையை இழுக்கிறாள். அந்த இடத்தில் எந்த அம்மா பேரம் பேசுவாள்? 2,100 கொடுத்தேன்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் டிக்கெட்டை நிதானமாகப் பார்த்தேன். அங்கே பிள்ளைகளுக்கு வயதுக் கணக்கே கிடையாது, உயரக் கணக்கு. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல்தான் பெரியவர். என் மகள் 118. அவளுக்கு எடுத்திருந்தது குழந்தை டிக்கெட். 60 வயது தாண்டியவர்களுக்கும் தனியாகக் குறைந்த விலை உண்டு, அத்தைக்கு அதைத்தான் எடுத்திருந்தார்கள். எங்களிடம் வாங்கியது ஆறும் முழு விலை. சீசன் ரேட் என்பதும் பொய். அந்த வருடம் நம் பள்ளிகள் ஜூன் 10 அன்றுதான் திறந்தன, கர்நாடகத்தில் மே கடைசியிலேயே திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை வேறு. கூட்டம் குறைவு, டிக்கெட்டில் இருந்ததும் சாதாரண நாள் விலை. ஆறு டிக்கெட்டும் சேர்த்தே ஏழாயிரத்தை ஒட்டித்தான் வந்தது. பார்க் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சுத்தமாக இருந்தது, ஊழியர்கள் பொறுமையாகப் பேசினார்கள். இதையெல்லாம் விளக்கிச் சொன்னதே அவர்கள்தான்.

மூணு வேளை சாப்பாட்டில் மதியத்துக்கு எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். வாராவாரம் ஆள் கூட்டி வருபவருக்கு இது தெரியாதா? பொட்டலங்களை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே காசு கொடுத்துச் சாப்பிட்டோம். காட்டன் துணியோடு தண்ணீரில் இறங்க முடியாது, நைலான் மாதிரித் துணிதான் வேண்டும். அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஊரில் பாதி விலைக்கு வாங்கியிருக்கலாம், அங்கே வாங்கினோம். பார்க்குக்குள் நுழையும்போதே 28,000த்தில் மிச்சம் 406 ரூபாய்தான். மகனின் ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்ததில் இருந்து ஐயாயிரம் எடுத்தார் வீட்டுக்காரர்.

லாக்கர் வாடகை மிச்சமாகட்டும் என்று அத்தை எங்கள் பைகளை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு ஒரே பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். “நீங்க விளையாடுறதப் பாத்தேன்ல கண்ணு, அதுவே போதும்” என்றார். அவர் காலைக்கூட நனைக்கவில்லை.

மகன் விஷயம்தான் இன்னும் என்னை அறுக்கிறது. பெரிய ராட்டினத்துக்கு வரிசையில் நின்றவன் பாதியில் திரும்பி வந்தான். ஏன்டா என்றேன். “அம்மா, இதுக்குத் தனியா காசு குடுக்கணுமோ? வேணாம்மா” என்றான். அந்த டிக்கெட்டில் ரைடு எல்லாமே அடக்கம், ஒன்றுக்கும் தனிக் காசு கிடையாது. காலையிலிருந்து நான் பர்ஸைத் திறந்து திறந்து எண்ணியதை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். மூன்று வருடம் ஆசைப்பட்ட பிள்ளை. அந்த ஆளிடம் எனக்கு உள்ள கோபத்தில் பாதி பணத்துக்கானது, மீதிப் பாதி இதற்கானது.

ரிசார்ட் பற்றி. அந்தப் பார்க்குக்கு வளாகத்திலேயே சொந்த ரிசார்ட் உண்டு. ஏஜென்சி தாளில் “பார்க் அண்ட் ரிசார்ட்” என்று போட்டிருந்ததைப் பார்க்கிற யாரும் அதைத்தான் நினைப்பார்கள். எங்களைக் கூட்டிப்போனது கெங்கேரி தாண்டி ஒரு சந்துக்குள் இருந்த லாட்ஜ். லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி, ஆறு பேருக்கு ஒரே அறை, வெந்நீர் இல்லை. முட்டி வலிக்காரரான அத்தை ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

மறுநாள் பன்னேர்கட்டா. மகள் புலி பார்க்க ரெடியாக உட்கார்ந்திருந்தாள். “இன்னிக்கு எலெக்ஷன் ரிசல்ட் மேடம், ஜூ லீவு” என்றார்கள். அன்று ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணும் நாள்தான். அதனால் நம்பிவிட்டோம். ஊருக்கு வந்து விசாரித்தால், பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்கு வார விடுமுறையே செவ்வாய்க்கிழமை. ஞாயிறு இரவு கிளம்பும் டூரில் இரண்டாம் நாள் செவ்வாய்தான் வரும். போக முடியாத இடத்தைத் தெரிந்தே தாளில் அச்சடித்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு பட்டுச் சேலைக் கடையில் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். விதான சௌதாவை வேன் ஜன்னல் வழியாகக் காட்டினார்கள்.

திரும்பி வந்ததும் ஆபீஸுக்குப் போனேன். அக்கா என்று கூப்பிட்டவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், எண் கொடுத்தார்கள். பிறகு நானும் நாத்தனார் மகளும் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதி, தொகையோடு எழுதி, ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய விளம்பரம், டிக்கெட் நகல் எல்லாம் வைத்து அந்த ஆபீஸுக்கே பதிவுத் தபாலில் அனுப்பினோம். 15 நாளில் பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று கடைசி வரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பதினோராம் நாள் அவரே போன் செய்து 6,000 அனுப்பினார். வழக்குக்கு அலைய வீட்டில் ஆள் இல்லாததால் அதோடு விட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று இப்போது இந்தப் படத்தைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே 28,000த்தில் தாராளமாகப் போய் வரலாம், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸ் நம் திண்டுக்கல் வழியாகத்தான் போகிறது, காலையில் பெங்களூரில் இறங்கலாம். ஸ்லீப்பரில் ஆளுக்கு முந்நூறை ஒட்டித்தான் ஆகும். இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஸ்டேஷனை ஒட்டியே மெஜஸ்டிக் மெட்ரோ. ஒரே ரயிலில் கெங்கேரி, அங்கிருந்து பிடதி பக்கம் போகும் பஸ். டிக்கெட்டைப் பார்க்கின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். நீங்கள் போகும் தேதியைப் போட்டால் அன்றைய விலை அப்படியே வரும், சனி ஞாயிறை விடச் செவ்வாய் புதன் குறைவாக இருப்பது கண்ணுக்கே தெரியும். கிளம்பும் முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிற்க வைத்து உயரம் அளந்துகொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களின் ஆதாரைக் கையில் வையுங்கள். நைலான் துணி, துண்டு ஊரிலேயே வாங்கிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கவரில் போட்டு வைத்தால் பிள்ளைகள் முன்னால் எண்ண வேண்டியிருக்காது.

ஏஜென்சியில்தான் போக வேண்டும் என்ற நிலை சிலருக்கு இருக்கும், வயதானவர்களோடு ரயில் மாறி ஏறுவது கஷ்டம்தான். அப்படியென்றால் லாட்ஜ் பெயர், எத்தனை அறை, வண்டி எண், டிக்கெட் விலை தனியாக, எது எது சேராது என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பணம் கடை அக்கவுண்டுக்கு மட்டும்.

நம் தெருவில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர்கள் இருந்தால் இன்றே போய், இரண்டாம் நாள் எந்தக் கிழமை, எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று கேளுங்கள். நான் அனுப்பிய கடிதத்தின் நகல் இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன்.