கைமான் தேநீர் விடுதிகள்: கேக்குக்கு முன்னால் வாய்க்காலைப் பாருங்கள்

அர்ஜென்டினாவின் படகோனியாவுக்குப் போகிறவர்கள் திமிங்கிலமும் பெங்குவினும் பார்த்த கையோடு ஒரு மாலையைக் கைமானுக்கு ஒதுக்குவார்கள். சுபுத் மாகாணத்துச் சிற்றூர். ட்ரெலியூ நகரத்திலிருந்து மேற்கே 17 கிலோமீட்டர், பஸ் உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிமரபில் வந்த தேநீர் விடுதிகளுக்குப் பேர்போன ஊர்.

பரிமாறுவதில் குறை சொல்ல முடியாது. கம்பளி உறை போட்ட கெட்டிலில் தேநீர், தனிக் கிண்ணத்தில் பால். வெண்ணெய் தடவிய வீட்டு ரொட்டி, ஸ்கோன், ஜாம், கிரீம் டார்ட் என்று தட்டு தட்டாக வரும். நடுநாயகம் 'தோர்த்தா நெக்ரா' என்ற கறுப்புக் கேக். கத்தி இறங்கவே சிரமப்படும். அவ்வளவு உலர்பழமும் கொட்டைப் பருப்பும். முதல் வாயில் கருகிய சர்க்கரையின் லேசான கசப்பு, அது அடங்கியதும் மசாலா வாசனை. கல்யாணக் கேக்கில் ஒரு பங்கை டப்பாவில் வைத்திருந்து திருமண ஆண்டு நிறைவு நாளில் சாப்பிடும் வழக்கம் அங்கே உண்டு. அத்தனை நாள் தாங்கும். முட்டை சேர்ப்பார்கள், பெரும்பாலும் மதுவும் சேர்ப்பார்கள். வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான் பாசனத் துறையில் வேலை பார்த்தவன். என்னைக் கேட்டால் அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது வாய்க்கால்தான்.

1865 ஜூலை 28 அன்று, 'மிமோசா' என்ற பாய்க்கப்பல் 150-க்கும் மேற்பட்ட வேல்ஸ்காரர்களை இன்றைய புவெர்ட்டோ மாட்ரின் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. முன்பு சீனத் தேயிலை ஏற்றிய கப்பல் அது. தங்கள் மொழியும் வழிபாடும் ஆங்கில ஆதிக்கத்தில் கரைந்துபோகக் கூடாது என்று புறப்பட்டு வந்தவர்கள். செழிப்பான பூமி என்ற பேச்சை நம்பி வந்தார்கள். இறங்கிய இடமோ முள்புதர்ப் பொட்டல், அதுவும் அங்கே ஜூலை நடுக்குளிர்காலம். ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் அளவுதான். குடிதண்ணீர் தேடி சுபுத் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நடந்தார்கள். மழையை நம்பி விதைத்தது கருகியது. வேட்டையாடக் கற்றுக்கொடுத்து, ரொட்டிக்குப் பதிலாக இறைச்சி கொடுத்து அவர்களைப் பிழைக்க வைத்தவர்கள் தெஹுவெல்சே பழங்குடிகள்.

1867-இல் ரேச்சல் ஜென்கின்ஸ் என்ற பெண், ஆற்று நீர்மட்டம் வயலைவிட உயர்ந்து நிற்பதைக் கவனித்தார். கரையை வெட்டினால் தண்ணீர் தானாகவே பாயுமே என்று கணவர் ஆரோனிடம் சொன்னார். வெட்டினார்கள், கோதுமை விளைந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் கிளைவிட்ட வாய்க்கால்களுக்கு அதுதான் தொடக்கம். மட்டம் பார்க்கும் கருவி எதுவும் இல்லாமல், கண்ணால் பார்த்தே சொல்லியிருக்கிறார். 1899 வெள்ளம் ஊர்களை அடித்துக்கொண்டு போனது. 1963-இல் ஆற்றின் குறுக்கே அமெகினோ அணை வந்த பிறகுதான் ஆறு கட்டுக்குள் வந்தது. இன்றும் கைமானில் வாய்க்கால் ஓரமாகப் பாப்ளர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. நூறு அடி விலகி மேட்டில் ஏறினால் அதே பழைய பொட்டல். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

நான் போன விடுதியின் சுவரெல்லாம் குடியேறிகளின் படங்கள். தெஹுவெல்சே பற்றி ஒரு வரிகூட இல்லை, அது எனக்கு வருத்தம்தான். 1880-களில் ராணுவம் பழங்குடிகளை அவர்கள் மண்ணிலிருந்து விரட்டியபோது, இரக்கம் காட்டும்படி வேல்ஸ்காரர்கள் எழுதிக் கேட்டார்கள். அதையாவது மாட்டி வைத்திருக்கலாம். தேநீரும் பலகாரமும் சேர்ந்த ஒரு செட் இருவருக்குத் தாராளமாகப் போதும் என்றாலும், தலைக்கு ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். அதுவும் சரியில்லை.

பெரும்பாலான விடுதிகள் பிற்பகலில்தான் திறக்கும். அதனால் மதியமே போய் வாய்க்கால் ஓரம் நடந்துவிட்டு, பழைய ரயில் நிலையத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு தேநீருக்கு உட்காருங்கள். அன்று மதியச் சாப்பாடு வேண்டாம்.