வாய்தா வாங்கியது யார்? ஈகோர்ட்ஸ் செயலி பற்றி ஒரு சங்கச் செயலாளரின் மதிப்பீடு

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறுகிறதோ இல்லையோ, மூவருக்கு அர்ச்சனை மட்டும் தவறாமல் நடந்துவிடும்: போலீசுக்கு, கோர்ட்டுக்கு, நகராட்சிக்கு. முன்னாள் தலைமையாசிரியர் கோர்ட்டைப் பிடித்துக்கொள்வார். மளிகைக்கடை அண்ணாச்சிக்குப் போலீஸ். ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரும் உறுப்பினர். அவர் போலீசை மட்டும் விட்டுவிட்டு மற்ற இருவரையும் வறுத்தெடுப்பார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நான், செயலாளர் என்ற முறையில், அத்தனை வசவையும் நாகரிகத் தமிழுக்கு மாற்றிக் குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். “உறுப்பினர்கள் தங்கள் வருத்தத்தைத் தெரிவித்தனர்” என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.

இந்த விவாதத்துக்குள் ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற கைபேசிச் செயலி நுழைந்து கொஞ்ச காலம் ஆகிறது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை, வக்கீல் அல்லாத ஒருத்தியின் பார்வையில் எழுதுகிறேன்.

முதலில் அது என்னவென்று. உச்ச நீதிமன்றத்தின் மின்குழுவுக்காகத் தேசியத் தகவலியல் மையம் செய்து கொடுத்தது; 2017 முதல் புழக்கத்தில் இருக்கிறது. முன்சீப் கோர்ட்டில் இருந்து உயர் நீதிமன்றம் வரை நாட்டின் வழக்கு விவரங்களை இதில் தேடலாம். கட்டணம் கிடையாது. ஆனால் இலவசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈகோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த தொகை 7,210 கோடி ரூபாய். நாம் கொடுத்த காசுதான்; உரிமையோடு பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று 16 இலக்கத்தில் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கீழ் நீதிமன்ற வழக்கு என்றால் டி, என் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, வழக்குப் பதிவான ஆண்டில் முடியும். அது கையில் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், வக்கீல் பெயர், முதல் தகவல் அறிக்கை எண் என்று வேறு வழிகளிலும் தேடலாம். பெயர் வைத்துத் தேடுவதில் ஒரு தொல்லை: தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத நம் ஊரில் ஆளுக்கொரு முறை. முருகேசனுக்கு எத்தனை ‘ஏ’ போடுவது என்று கோர்ட் ஊழியர் ஒரு முடிவு எடுத்திருப்பார். அதை நாம் ஊகிக்க வேண்டும். பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் அடித்துப் பட்டியலைப் பொறுமையாகப் பார்ப்பதே நல்லது.

எங்கள் வழக்குக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வழக்கு நடப்பில் இருக்கிறது. தெருவின் கடைசியில் மழைநீர் வாய்க்கால். அதன் மேல் ஒருவர் தளம் போட்டுக் கடைகள் கட்டினார். நாங்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்து, நகராட்சி இடிப்பு நோட்டீஸ் ஒட்டியது. அவர் முன்சீப் கோர்ட்டுக்குப் போய் இடிக்கக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது தடை ஆணை, கேட்டு வழக்குப் போட்டு, இடைக்கால உறுத்துக்கட்டளையும் வாங்கிவிட்டார். எதிர்த்தரப்பைக் கேட்காமலே கொடுத்த கட்டளை. அன்றிலிருந்து நகராட்சியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “கோர்ட்டில் இருக்கிறது அம்மா, எங்கள் கையில் ஒன்றும் இல்லை.” அடுத்த மழைக்கு வாய்க்கால் தண்ணீர் மூன்று வீட்டுக்குள் போனது.

கூட்டத்தில் கோர்ட்டுக்குத்தான் முழு அர்ச்சனை. தலைமையாசிரியர் செய்தித்தாள் நறுக்கு ஒன்றைக் கொண்டுவந்து, தடை ஆணை ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகிவிடும் என்றார். 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒன்று சொன்னது உண்மை. ஆனால் அது கீழ் நீதிமன்ற விசாரணைகளுக்கு மேல் நீதிமன்றம் போடும் தடையைப் பற்றியது. அதையும் 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. தானாகக் காலாவதி என்பது இனி இல்லை. நறுக்கு பழையது.

அந்த வாக்குவாதத்தின் நடுவில்தான் பக்கத்து வீட்டுப் பெண், வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருப்பவள், “அத்தை, வழக்கு வரலாற்றைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்” என்று சொல்லிச் செயலியை என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தாள்.

இந்தச் செயலியின் சிறந்த பகுதி எது என்று கேட்டால், அடுத்த வாய்தா தேதியைச் சொல்ல மாட்டேன். அதை வக்கீலே சொல்லிவிடுவார். வழக்கு வரலாற்றில் ஒவ்வொரு பழைய தேதியையும் அழுத்தினால் அன்றைக்கு என்ன நடந்தது என்ற குறிப்பு விரிகிறது. ஒரு வரி, சில நேரம் இரண்டு வரி. அதைத்தான் எல்லாரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நான் ஒரு மாலை உட்கார்ந்து எங்கள் வழக்கின் எல்லாத் தேதிகளையும் அழுத்தினேன். நீதிபதி விடுப்பு என்று சில இருந்தன. வக்கீல்கள் புறக்கணிப்பு என்று ஒன்று. மீதி பெரும்பாலான நாட்களில் ஒரே வரி மாறாமல் வந்தது: எதிர்மனுதாரர் தரப்பு எதிருரைக்கு அவகாசம் கேட்கிறது, அவகாசம் அளிக்கப்படுகிறது. எதிர்மனுதாரர் யார்? நகராட்சி. “எங்கள் கையில் ஒன்றும் இல்லை” என்று சொன்ன அதே நகராட்சிதான் ஒவ்வொரு வாய்தாவிலும் அவகாசம் வாங்கிக்கொண்டிருந்தது. எதிருரை இல்லாமல் இடைக்கால மனுவை நீதிபதி எப்படி விசாரிப்பார்?

கோர்ட்டையும் முழுதாக விடுவிக்க முடியாது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் இடைக்காலக் கட்டளை கொடுத்தால், அந்த மனுவை 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது ஆணையில் 3ஏ விதி இருக்கிறது. பதிலுரை தாக்கல் செய்யவும் 30 நாள், கூட்டினால் 90 நாள் என்று எட்டாவது ஆணை சொல்கிறது. அவகாசம் கேட்டவுடன் கொடுத்த கையும் குறிப்பில் தெரிகிறது. ஆனால் பழியைப் பங்கு பிரிக்கும்போது அளவு முக்கியம் இல்லையா? எங்கள் கூட்டத்தில் அதுவரை பெரும்பங்கு தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் குறிப்புகளை வரிசையாக எழுதி, பகுதி சபைக் கூட்டத்தில் வாசித்தேன். தேதி, குறிப்பு, தேதி, குறிப்பு. என் கருத்து ஒரு சொல் சேர்க்கவில்லை. நகராட்சியில் இருந்து வந்திருந்தவர் முதலில் கோப்பு பார்த்துச் சொல்கிறேன் என்றார். பிறகு நகராட்சி வக்கீலிடம் பேசுகிறேன் என்றார். அண்ணாச்சி, “கோப்பு வேண்டாம் சார், இதோ கைபேசியிலேயே இருக்கிறது” என்று எழுந்து காட்டப் போய்விட்டார். அடுத்த வாய்தாவில் எதிருரை தாக்கல் ஆனது. நாங்கள் வாசித்ததால்தானா என்று சத்தியம் செய்ய முடியாது. தாக்கல் ஆனதைச் செயலியில்தான் பார்த்தேன்.

போலீஸ் பக்கம் இது எவ்வளவு உதவும்? பாதி.

வாய்க்கால் தகராறில் எங்கள் தெருப் பையன் ஒருவனைக் கடைக்காரரின் ஆட்கள் அடித்துவிட்டார்கள். புகார் கொடுத்தோம். முதலில் கிடைத்தது, புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் சொல்லும் வழக்கமான சி.எஸ்.ஆர். ரசீது. முதல் தகவல் அறிக்கை போடவில்லை என்று அண்ணாச்சி கொதித்தார். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 2013-இல் லலிதா குமாரி வழக்கில் வந்த தீர்ப்பு. நம் ஏட்டய்யா இங்கே ஒரு நுணுக்கம் சொன்னார்: சாதாரண காயம் மட்டும் என்றால் அது அந்த வகையில் வராது. ஆபாசமாகத் திட்டியது, மிரட்டியது என்பவையும் சேர்ந்தால்தான் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(b), 323, 506 என்ற மூவர் கூட்டணி அமையும். 2024 ஜூலை 1 முதல் அதுவே, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(b), 115(2), 351(2) ஆகிவிட்டது. பிரிவு எண் மாறினாலும் கூட்டணி மாறவில்லை என்று அவர் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு முதல் தகவல் அறிக்கை பதிவானது. 2016-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி, பாலியல் குற்றம் போன்றவை நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். இணைய வசதி இல்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை விலக்கு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எங்களுடையதும் இருந்தது. அங்கே கிடைத்த எண்ணை ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. மாதங்கள் ஆகியும் வரவில்லை. கோர்ட் வழக்கைத் தள்ளிவிட்டது என்று தெருவில் ஒரு வதந்தி கிளம்பியது.

குமாஸ்தாப் பெண்தான் விளக்கினாள். காவல் நிலையம் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, கோர்ட் அதைக் கோப்பில் எடுத்து எண் கொடுத்தால்தான் வழக்கு என்று ஒன்று பிறக்கும். அதற்கு முன் செயலியில் பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த வெறுமைக்குப் பொருள், போலீஸ் இன்னும் தாக்கல் செய்யவில்லை என்றும் இருக்கலாம். தாக்கல் செய்து எண் ஆகாமல் கிடக்கிறது என்றும் இருக்கலாம். இரண்டில் எது என்று செயலி சொல்லாது. ஆள் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். இது பெரிய குறை. இந்தப் பிரிவுகளில் அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. ஆகவே 3 ஆண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று காலவரம்பு உண்டு. அந்த எண்ணிக்கை ஓடுவது புகார் கொடுத்தவருக்குத் தெரியும்படி ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு குறை, சொல்லக் கொஞ்சம் சங்கடமானது. யாருடைய பெயரையும் யாரும் போட்டுத் தேடலாம். எங்கள் தெருவில் மாப்பிள்ளை பார்க்கும் குடும்பங்கள் இதைச் செய்கின்றன. ஒரு வரனின் தந்தை பெயரில் காசோலை வழக்கு இருந்தது, பேச்சு நின்றுபோனது. பிறகு பார்த்தால் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல, காசோலை திரும்பி வந்ததற்காக வழக்குப் போட்டவர். பணம் போய், சம்பந்தமும் போயிற்று அந்த மனிதருக்கு. வழக்கில் பெயர் இருந்தாலே குற்றவாளி என்று படிப்பவர்கள் கையில் இந்தத் தேடுபெட்டி ஆபத்தானது. யார் எந்தத் தரப்பு என்பது திரையிலேயே இருக்கிறது. கண் அங்கே போவதில்லை.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் சேமித்து வைக்கும் வழக்குப் பட்டியல் அந்தக் கைபேசியிலேயேதான் இருக்கும். கைபேசி மாற்றுவதற்கு முன் ஏற்றுமதி என்ற பொத்தானை அழுத்திப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு, உத்தரவு நகல்களை இறக்கிப் படிக்கலாம், ஆனால் அது சான்றிட்ட நகல் ஆகாது. மேல்முறையீட்டுக்கு நகல் மனு போட்டே ஆக வேண்டும். அன்றாடக் குறிப்புகள் எங்கள் கோர்ட்டில் ஆங்கிலச் சொற்சுருக்கங்களாகவே ஏறுகின்றன. தமிழ்நாட்டின் கீழ் நீதிமன்றங்களில் தமிழ் வழக்காடு மொழி. வாதியும் சாட்சியும் தமிழில் பேசுகிறார்கள். அன்றைய நடப்பை எழுதும் ஒரு வரி மட்டும் எங்கள் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் படிக்கும்படி இருக்கிறது. குறிப்பு ஏறும் வேகமும் ஊழியரைப் பொறுத்தது. விரைவுத் தபாலின் நிலையைப் பார்ப்பது மாதிரிதான்: கிளம்பிவிட்டது, வந்துவிட்டது என்பது தெரியும், உறைக்குள் இருப்பது தெரியாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். உரிமையியல் வழக்கில் சிக்கியிருப்பவர்களுக்கு நாலரை. போலீஸ் புகாரோடு அலைபவர்களுக்கு இரண்டு.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல்: சாதாரண கைபேசியில் ஆங்கிலத்தில் ஈகோர்ட்ஸ் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சி.என்.ஆர். எண்ணைச் சேர்த்து 9766899899 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். சி.என்.ஆர். எண் தெரியாவிட்டால் உங்கள் வக்கீலின் குமாஸ்தாவைக் கேளுங்கள். வக்கீலைவிட அவருக்கு அது உடனே கைவசம் இருக்கும்.