ரத்தன் பஜார் மணிக்கடைகள்: டஜன் டஜனாக வாங்கியவள் எழுதுவது

ஆரி வேலைக்கோ (கொக்கி ஊசியால் துணியில் மணியும் சம்கியும் தைப்பது) வளையல் செய்யவோ சாமான் எங்கே வாங்கலாம் என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். சென்னை பாரிமுனை ரத்தன் பஜார் என்றுதான் எப்போதும் சொல்வேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். முன்பெல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வேன். 2025 போகிக்கு முந்தின வாரம் வீட்டுப் பரணைக் காலி செய்த பிறகு அப்படி நிறுத்த மனம் வரவில்லை. அதனால் கடைகளைப் பற்றியும், அங்கே வாங்கிய சாமானுக்கு என் வீட்டில் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கடைகள். நான் இருப்பது சைதாப்பேட்டை. மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து நடைதான். காலை பத்தரைக்கு மேல் போங்கள், அதற்கு முன்னால் பாதிக் கடை ஷட்டர் திறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலும் மூடியிருக்கும். ஒரு ஆள் நுழைந்தால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவு குறுகலான கடைகள்தான் அதிகம். ஆனால் உள்ளே இல்லாத மணி இல்லை. சுகர் பீட்ஸ், பைப் பீட்ஸ், கட் பீட்ஸ், சம்கி, ஜர்தோசி (தங்கநிறச் சுருள் கம்பி), குந்தன் கல், ஸ்டோன் செயின், ஜிமிக்கி பேஸ், வளையல் பேஸ், சில்க் த்ரெட், லேஸ் எல்லாம் அந்த ஒரே சாலையிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் கிடைக்கும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்கும் விலையில் கிட்டத்தட்ட பாதிக்கு வாங்கியிருக்கிறேன். கலர் மேட்ச் செய்ய ஜாக்கெட் துணியைக் கையோடு கொண்டு போனால் கடைப் பையன்கள் சலிக்காமல் பத்துப் பெட்டி திறந்து காட்டுவார்கள். இந்தப் பொறுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதற்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

சில்க் த்ரெட் வளையல் எல்லார் கையிலும் இருந்த 2015, 2016 வாக்கில் நான் அங்கே போக ஆரம்பித்தேன். எங்கள் அபார்ட்மென்டில் கொலுவுக்கு, கல்யாணத்துக்கு என்று ஆர்டர் வந்தது. புடவையைக் காட்டுவார்கள், அதே நிறத்தில் செட் செய்து தருவேன். அதில் கொஞ்சம் காசும் பார்த்தேன், நிறைய சந்தோஷமும் பார்த்தேன். அதிலிருந்து ஆரி வேலைக்குப் போனேன். அப்புறம் காகிதச் சுருளில் செய்யும் குவில்லிங், அப்புறம் அச்சில் ஊற்றி இறுக வைக்கும் ரெசின். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டப்பா சேர்ந்தது.

டப்பாக்கள் ஏன் நிறைந்தன என்பதற்கு டஜன் ரேட் ஒரு முக்கியமான காரணம். ரத்தன் பஜார் அடிப்படையில் மொத்த வியாபாரம் நடக்கும் இடம். நம்மைப் போல் சில்லறையாக வாங்குகிறவர்களுக்கும் கொடுப்பார்கள், ஆனால் விலை மொத்தக் கணக்கில்தான் இனிக்கும். நான் ஒருமுறை வாங்கியதைச் சொல்கிறேன். நூல்கண்டு தனியாக எடுத்தால் 15 ரூபாய், டஜனாக எடுத்தால் 120. அன்றைக்கு எனக்கு வேண்டியது மூன்று கண்டு, 45 ரூபாய். "டஜனா எடுத்தா பத்து ரூபாதான் விழும் அக்கா" என்று பையன் சொன்னதும் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டேன். கண்டுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்று மனசு குளிர்ந்தது. உண்மையில் 75 ரூபாய் கூடக் கொடுத்து, ஆர்டரே இல்லாத ஒன்பது கண்டுகளை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இதில் அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. கடை வைத்திருப்பவர்களுக்கும் தையல்காரர்களுக்கும் ஏற்ற விலை அது. நான் கடை வைத்திருக்கவில்லை.

இரண்டாவது காரணம், அங்கே எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் இருக்காது. மணிச் சரத்தை மணிக்கட்டில் போட்டுப் பார்க்கலாம், லேஸைத் தோளில் வைத்துப் பார்க்கலாம். எம்.பி.ஏ. படிக்கும் என் பெண் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துக் காட்டினாள். ஜோஆன் பெக், சூசேன் ஷு என்ற இரண்டு பேர் 2009-இல் எழுதியது. ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்தாலே அது நம்முடையது என்ற உணர்வு கூடிவிடுகிறதாம். படித்ததும் எனக்கு உடனே புரிந்தது. கையில் போட்டுப் பார்த்த சரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எதையோ இழக்கிற மாதிரி இருக்கும், அதனாலேயே எத்தனை சரங்களுக்கு பில் போட்டிருக்கிறேன்!

மூன்றாவது காரணம் பில்களில் இருந்தது. ஆர்டர் கணக்குக்காக எல்லா பில்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது என் பழக்கம். பரணிலிருந்து இறக்கிய பதினொரு டப்பாக்களையும் ஹாலில் கோரைப்பாய் விரித்துக் கொட்டிவிட்டு, எது எப்போது வாங்கியது என்று பார்க்க அந்த டின்னைத் திறந்தேன். மொத்தம் 41 பில். அதில் 26 பில், 2022 ஜூனிலிருந்து நவம்பருக்குள். நான் ஒரு ஆர்டர்கூட எடுக்காத மாதங்கள் அவை.

அந்த ஆறு மாதமும் அப்பா சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையில் (ஜி.எச்.) வார்டுக்கும் வீட்டுக்குமாக இருந்தார். பகலில் நானும் அம்மாவும், ராத்திரி தம்பி. மதியம் அப்பா கண்ணயர்ந்தால், கொஞ்சம் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வா என்று அம்மா அனுப்புவாள். சாலையைக் கடந்து ஈவ்னிங் பஜார் பக்கமாக நடந்தால் பதினைந்து நிமிடத்தில் ரத்தன் பஜார் வந்துவிடும். நான் பாட்டுக்கு நடப்பேன். அங்கே யாரும் ரிப்போர்ட் கேட்க மாட்டார்கள். எந்த நிறம் வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள், அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னப் பை இருக்கும். அந்தப் பைகளில் முக்கால்வாசி ஸ்டேப்ளர் பின்னோடு அப்படியே டப்பாவுக்குள் கிடந்தன. இத்தனை வருடம் ஆசையில் வாங்கிக் குவித்தோம் என்றுதான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். தேதிகளைப் பார்த்த பிறகு திட்ட முடியவில்லை. பாயில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அப்பா சின்ன வயதில் காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்தவர். ஒருநாள் கட்டிலில் சாய்ந்தபடி பையைக் காட்டச் சொன்னார். மயில்கழுத்து நிறக் கண்டை எடுத்து, நுனியைக் கொஞ்சம் பிரித்து, விரலை நாக்கில் நனைத்து நூலைத் தேய்த்தார். விரலில் நீலமாக ஒட்டியது. "சாயம் நிக்காதும்மா இது" என்றார். அதைச் சொல்லும்போது குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

சரி, சாமான் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு வருகிறேன். வாங்குகிறவர்களுக்கு இது உபயோகப்படும். கண்ணாடி மணிக்கு எதுவும் ஆகவில்லை, கழுவிக் காய வைத்தால் புதுசுதான். சமையலறைத் தராசில் நிறுத்தேன், மூன்று கிலோ நானூறு கிராம். பிளாஸ்டிக் முத்துகளில் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. குந்தன் கல்லின் பின்பக்கத் தகடு ஈரத்தில் கறுத்து, கல்லே அழுக்காகத் தெரிந்தது. ஜர்தோசி மங்கிவிட்டது. ரெசினை இறுக வைக்க அதோடு வரும் ஹார்டனர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது, டபுள் சைட் டேப் கவரோடு பிசின் மாதிரி இளகி ஒட்டியிருந்தது. ஃபேப்ரிக் பெயின்ட் முழுக்கக் கட்டி. சென்னை வெயிலில், அதுவும் தளத்துக்குக் கீழே இருக்கிற பரணில், பசை சம்பந்தப்பட்ட எதையும் வாங்கிச் சேர்க்காதீர்கள். வேலை தொடங்குகிற வாரத்தில் வாங்கினால் போதும்.

நல்லதாக இருந்ததை எங்கே கொடுப்பது என்பதில்தான் நாள் பிடித்தது. விற்றுப் பார்க்கலாம் என்று இரண்டு வாரம் படம் எடுத்துப் போட்டேன். பாதி விலைக்குக் கேட்டார்கள், கூரியர் செலவும் என் தலையில். அந்த இரண்டு வாரமும் டப்பாக்கள் ஹாலிலேயே கிடந்தன. நான் மறுபடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன், பார்த்தால் கொடுக்க மனம் வராது. விற்கிற யோசனையை அன்றோடு விட்டுவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் வீட்டிலேயே ஆரி கிளாஸ் எடுக்கும் அக்கா இருக்கிறார். அவரிடம் வரும் பெண்களில் பலருக்கு மெட்டீரியல் வாங்குவதுதான் கிளாஸ் ஃபீஸை விடப் பெரிய செலவு. மணி, சம்கி, ஸ்டோன் செயின், ஒரு ஸ்டாண்ட், பத்து ஊசி எல்லாம் அங்கே போயிற்று. அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. "இது மங்கிப்போச்சு, கத்துக்கிற பிள்ளைங்களுக்கு மங்கினதக் கொடுக்கக் கூடாது" என்று ஜர்தோசியைத் திருப்பிக் கொடுத்தார். அது எனக்கு முக்கியமான வார்த்தை. நமக்கு வேண்டாத குப்பையைத் தானம் என்று அடுத்தவர் வீட்டில் இறக்கிவிட்டு வரக்கூடாது. குவில்லிங் பேப்பர் எங்கள் பகுதி அங்கன்வாடிக்குப் போயிற்று. நூல்கண்டுகளை எண்ணினேன், 214. அதில் என் கையால் இந்த வருடம் செய்யக்கூடிய அளவுக்கு முப்பது வைத்துக்கொண்டேன். மயில்கழுத்துக் கண்டு வெளிப்பக்கம் வெளுத்து, உள்சுற்று மட்டும் நிறத்தோடு இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதில் எதுவும் செய்யப் போவதில்லை.

மார்ச்சில் மறுபடி ரத்தன் பஜார் போனேன். தம்பி பெண்ணுக்குச் சடங்கு, வளையலும் ஜிமிக்கியும் நான்தான் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாள். பாட்டில் பச்சையில் மஞ்சள் கரை போட்ட பாவாடை. மஞ்சள் நூல் வீட்டிலேயே இருந்தது. துண்டுச் சீட்டில் எழுதினேன்: பச்சை நூல் ஒன்று, ஜிமிக்கி பேஸ் ஒரு ஜோடி. துணியையும் கையில் எடுத்துக்கொண்டேன். கடை அதே கடைதான், அதே பையன், இப்போது மீசை வந்திருக்கிறது. அப்பாவைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது, ஆனால் ரொம்ப நாளாக் காணோமே அக்கா என்று கேட்டான். பத்து நிமிடத்தில் சரியான பச்சையை எடுத்துக் கொடுத்தான். டஜன் ரேட்டையும் சொன்னான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு என் யோசனை, தனிக் கண்டுக்குக் கேட்கிற விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மணி வேண்டுமானால் கிராம் கணக்கில் லூஸாகக் கொடுக்கும் கடை இரண்டு மூன்று இருக்கிறது, பாக்கெட் கேட்கும் முன் அதைக் கேளுங்கள். மனசு சரியில்லாத நாளில் போவதாக இருந்தால், போங்கள், நடந்து பாருங்கள், அந்தச் சாலையின் சத்தமும் கூட்டமும் நிஜமாகவே மனசுக்கு இதமாக இருக்கும். பர்ஸில் ஐம்பது ரூபாயோடு போங்கள், போனில் பணம் கட்டும் ஆப்பைத் திறக்காதீர்கள்.

நூலின் நுனியைப் பிரித்து, விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பையன் என்ன அக்கா என்று பார்த்தான். விரலில் பச்சை ஒட்டவில்லை. ஒன்று போதும் தம்பி என்று சொல்லி, ஜிமிக்கி பேஸோடு சேர்த்து 40 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.