பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா: திருப்பூர்த் தையல் தொழிலாளியின் விருப்பமும் நலமும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரே வரிசையில் அமர்ந்து தைக்கும் இருவரில் ஒருவர் சம்பளப் பதிவேட்டில் பெயருள்ள ஷிப்ட் தொழிலாளியாகவும், மற்றவர் கான்ட்ராக்டர் அழைத்து வந்த, தைத்த உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லராகவும் இருப்பதுண்டு. இவர்களில் யார் நிம்மதியாக இருக்கிறார் என்பதை, அந்த வேலைக்கு அவர் ஏன் வந்தார் என்று கேட்காமல் சொல்ல முடியாது.

ஆர்டர் நிறைந்த மாதங்களில் கைவேகம் உள்ளவருக்குப் பீஸ் ரேட்டில்தான் கூலி அதிகம். அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் பலர், மாட்டுக்குத் தீவனம் போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரலாம், மாரியம்மன் நோம்பிக்கு விடுப்புக் கேட்டு நிற்க வேண்டாம் என்பதற்காக இதை விரும்பியே ஏற்கிறார்கள். ஷிப்ட் தொழிலாளியோ, ஏற்றுமதி அவசரத்தில் பன்னிரண்டு மணி நேரம் நீளும் ஒன்றரை ஷிப்டை மறுக்கத் தயங்குகிறார். டெசி, ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் தம் சுயநிர்ணயக் கோட்பாட்டில், தானே விரும்பிச் செய்வதையும் நெருக்கடியால் செய்வதையும் பிரித்துக் காட்டியது இங்கே பொருந்துகிறது.

ஆனால் உடம்பு படுத்துவிட்டால் கணக்கு மாறுகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவருக்கு உரிய இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோய்க்காலத்தில் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். கான்ட்ராக்டர் வழி வந்தவருக்கும் சட்டப்படி இந்த உரிமை உண்டு. அவர் பெயரை எவரும் பதிந்திருக்காவிட்டால், விரும்பி வந்தவரும் வேறு வழியின்றி வந்தவரும் ஒன்றுபோலவே வெறுங்கையோடு நிற்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான்.

மூன்றாவது வகையினரும் உண்டு: இன்று தற்காலிகமாகச் சேர்ந்தால் நாளை நிரந்தரமாகும் என்று நம்பி வருபவர்கள். 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அந்த நாள் நெருங்கும்போது வேலையை இடைமுறித்துப் புதிதாகச் சேர்த்துக்கொண்டால், நம்பிக்கையோடு உழைத்தவருக்கு வரும் சோர்வு மற்ற இருவருக்கும் வருவதைவிடக் கடுமையானது.

எனவே வீட்டில் காடோ தோட்டமோ, இன்னொருவர் சம்பளமோ இருப்பவர் பீஸ் ரேட்டைத் துணிந்து ஏற்கலாம்; ஒற்றை ஆள் வருமானத்தில் வாடகை கட்டி வாழும் குடும்பத்துக்கு, கூலி சற்றுக் குறைந்தாலும் ஷிப்ட் வேலையையே நான் பரிந்துரைப்பேன். எதில் சேர்ந்தாலும், முதல் சனிக்கிழமைச் சம்பளத்தின்போதே தம் பெயரில் இ.எஸ்.ஐ. எண் வாங்கப்பட்டதா என்று கேட்டுவிட வேண்டும்.